தூசியின் மின்னூட்டம் மாறிலி அல்ல

பந்தியையும் எடுத்துக்கொண்டுவிட்டார். சமன்பாட்டை எடுத்தார், வரைபடத்தை எடுத்தார், தொலையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது என் நாத்தனார் கல்யாணத்துப் பந்தியையும் தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்துவிட்டார் சங்கரலிங்கம் சார். என் ஆய்வு நெறியாளர். பேச்சு முழுவதும் ஆங்கிலம், பந்தி என்ற வார்த்தை மட்டும் தமிழ், அதையும் அசாமிலிருந்து வந்திருக்கும் டாக்டர் பருவாவுக்காக இலை, வரிசை, சாம்பார் வாளி என்று கையால் காட்டி விளக்குகிறார். டியூப்லைட்டுக்குள் ஒளிர்கிறதே, எலக்ட்ரானும் அயனியும் தனித்தனியாகப் பிரிந்து அலைகிற வாயு, அதுதான் பிளாஸ்மா; அதற்குள் ஒரு தூசி விழுந்தால் முதலில் அதன்மேல் போய் ஒட்டுவது யார் என்று கேட்கிறார். பந்தியில் முதலில் இடம் பிடிப்பது யார், இளவட்டங்கள்தானே, எலக்ட்ரானும் அப்படித்தான், எடை இல்லை, ஓட்டம் அதிகம், அது போய் உட்கார்ந்துவிடும், தூசி எதிர் மின்னூட்டம் பெறும், அப்புறம் வருகிற எலக்ட்ரானை அதுவே விரட்டும், கனத்த அயனி மெதுவாக நடந்து வந்து சேரும், ஒரு கட்டத்தில் இருவர் வரவும் சரியாகிவிடும் என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. பின்வரிசை எம்.எஸ்சி. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பருவா அம்மாகூடப் புன்னகைக்கிறார். என் வார்த்தைகள். இளவட்டம் என்கிற வார்த்தை உட்பட என் வார்த்தைகள். அவர் வீட்டுப் பந்தியில் அவர் எப்போதாவது நின்று பரிமாறியிருப்பாரா? மேசைக்கு வருவதைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியவர். நான் நின்றேன். கையில் சாம்பார் வாளியோடு, புகுந்த வீட்டு மருமகளாக, இடுப்பு ஒடிய நின்றேன்.

நின்றபோதுதான் அது பிடிபட்டது. கூட்டம் திடீரென்று பெருகும், உள்ளே சமையற்கட்டுக்கு அது தெரியாது, யாராவது போய்ச் சொல்லி, அண்டாவைத் திறந்து, சோறு வெளியே வருவதற்குள் அந்தக் கூட்டம் மோரும் குடித்து எழுந்துவிட்டிருக்கும். சோறு வரும், ஆள் இருக்காது. அடுத்த முறை ஆள் இருக்கும், சோறு இருக்காது. எப்போதும் ஒரு படி பிந்தி. வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன், யாரோ ஒரு பெரியப்பா "என்னம்மா, சாம்பார ஊத்த நிக்கியா, வேண்டுதலுக்கு நிக்கியா?" என்று கேட்டார். தூசியும் அதுதானே! பிளாஸ்மாவில் ஓர் அலை கடந்துபோகும்போது ஒரு இடத்தில் எலக்ட்ரான் நெருங்கும், இன்னொரு இடத்தில் விலகும், அதற்குத் தக்கபடி தூசியின் மின்னூட்டமும் ஏறி இறங்க வேண்டும், ஆனால் உடனே ஏற முடியாது, கொஞ்சம் பிந்தித்தான் ஏறும். அந்தப் பிந்தல் அலையின் பலத்தைத் தின்றுவிடும். அலை போகப் போகச் செத்துவிடும். சின்னத் தூசியும் பெரிய தூசியும் கலந்து கிடந்தால் இன்னும் வேடிக்கை, பெரியது சீக்கிரம் நிறையும், சின்னதுதான் தாமதிக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாமதத்தில் அலையைப் பிய்க்கும். மின்னூட்டம் மாறும் என்பதை உலகத்தில் பலர் எப்போதோ சொல்லிவிட்டார்கள், எனக்குத் தெரியும், நான் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. கலந்து கிடக்கிற தூசிக்கு அந்தத் தாமதங்களை ஒன்றாகக் கோத்து, எந்த நீள அலை சீக்கிரம் சாகும் என்று கண்டதுதான் என் வேலை. அதைக் கொண்டுபோய் இந்த மனிதர் முன்னால் வைத்தபோது என்ன சொன்னார்? கரும்பலகையில் 'மாறிலி' என்று எழுதி அடிக்கோடு போட்டார். "தூசிக்கு சார்ஜ் மாறாதும்மா. அதத் தொடாத. நான் எத்தன வருஷமா மாறிலின்னு வச்சு பேப்பர் போட்டிருக்கேன் தெரியுமா?" என்றார். பந்தியைச் சொன்னேன். "பிஹெச்டி பண்றியா, சமையல் காண்ட்ராக்ட் எடுக்கறியா?" என்று கேட்டுவிட்டு, அந்த அறையில் இருந்த எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு எனக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. இப்போதும் எரிகிறது, அதே இடத்தில். காண்ட்ராக்டை யார் எடுத்திருக்கிறார்கள் என்று இப்போது கேட்க வேண்டும் போல இருக்கிறது.

புடவை வேறு. கழுத்துக்குப் பின்னால் ஜரிகை அறுக்கிறது. முந்தாநாள் சார் போன் செய்தார், பேச்சைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறார், படங்களைச் சரிபார்க்கச் சொல்லப்போகிறார் என்று ஓடிவந்து எடுத்தேன். "பட்டுப்புடவை கட்டிட்டு வாம்மா, கெஸ்ட் லேடி பாத்தியா, பொன்னாடை போத்த ஒரு லேடி வேணும்" என்றார். வந்தேன். பன்னீர் தெளித்தேன். சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஆள் போதவில்லை என்று மைக் முன்னால் நிறுத்தினார்கள், அதையும் பாடினேன். மேடையில் நின்று பொன்னாடையைப் பிரித்தபோது பருவா அம்மா என்னைப் பார்த்து, நீயும் பிளாஸ்மாவா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டு, எங்கள் ஆராய்ச்சி மாணவி, நன்றாகப் பாடுவாள் என்றார். நன்றாகப் பாடுவாளாம். என் ஆய்வேட்டின் ஆறாவது அத்தியாயம் முழுக்க நான் பாடியதுதான் சார், சுதி சேர்ந்திருக்கிறதா பாருங்கள். ஏன் சொல்லவில்லை? ஏன் அங்கேயே சொல்லவில்லை? சிரித்தேனே, அதுதான் தாங்கவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு சால்வையின் மடிப்பைச் சரிசெய்தேன். இப்போது திரையில் ஒவ்வொரு படமாக ஓடுகிறது, ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறேன், அவர் பெயர் இருக்கிறது, பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது, ஓரத்தில் யாரோ ஒரு வெளிநாட்டு நண்பருக்கு நன்றி இருக்கிறது. வரைபடத்தின் கோடுகளுக்கு நான் போட்ட கத்திரிப்பூ நிறத்தைக்கூட மாற்றவில்லை. அவ்வளவு சோம்பேறித்தனம். திருடுவதிலாவது கொஞ்சம் உழைக்கக் கூடாதா?

கையெழுத்து. எதை நினைத்தாலும் அங்கேதான் போய் முட்டுகிறது. என் ஆய்வேடு அவர் மேசையில் கிடக்கிறது, நெறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகம் அதை வாங்கும், போன கோடையிலிருந்து கேட்கிறேன், "பாத்துட்டிருக்கேம்மா" என்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், இப்போது தெரிகிறது எதற்குப் பார்த்தார் என்று. கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை, பட்டம் இல்லையென்றால் கோவில்பட்டிக் கல்லூரியில் தற்காலிகமாகக் கொடுத்திருக்கிற வேலையும் இல்லை, இத்தனை வருஷம் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினதற்கு வீட்டில் காட்ட எதுவும் இல்லை. காலையில்கூட என் வீட்டுக்காரர் பைக்கை நிறுத்தி இறக்கிவிட்டுச் சொன்னார்: "இந்தா பாரு, அவரு என்ன சொன்னாலும் தலைய ஆட்டிட்டு வந்துரு. கையெழுத்து விழட்டும், பொறவு அவரு யாரு, நாம யாரு." நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மாவும் அதையேதான் சொல்வாள், இன்னும் சுருக்கமாக: "ஏட்டி, வாயப் பொத்திக்கிட்டு இரி." எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் என் வாயைத்தான் பார்த்துப் பயப்படுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் தப்பாகப் பெருக்கியதைச் சொன்னதற்கு முட்டிபோட வைத்தார்கள். அன்றைக்கு அம்மா வந்து டீச்சரிடம்தான் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு முட்டி வலித்ததைவிட அதுதான் வலித்தது, பெருக்கல் சரியாகிவிடவில்லையே, அம்மா மன்னிப்புக் கேட்டும் அது தப்பாகத்தானே பலகையில் நின்றது. சரி, பொத்திக்கொள்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம். படம் ஓடட்டும், கேள்வி நேரம் முடியட்டும், தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும், நாளைக்குப் போய் அறை வாசலில் நிற்கிறேன், "அருமையா இருந்துச்சு சார்" என்கிறேன், என் நாக்கு அழுகிவிடாதா அதைச் சொன்னால்? பக்கத்தில் பெனடிக்ட் செல்போனை நோண்டிக்கொண்டிருக்கிறான், என்னோடு சேர்ந்த ஆராய்ச்சி மாணவன், அவனுக்குப் போன வருஷமே கையெழுத்து விழுந்துவிட்டது, சாரோடு ஒரே காரில் போகிறவன், எனக்கு அந்தக் காரில் இடம் கிடையாது, லேடீஸ் வந்தால் சரிவராதாம்.

இது என்ன? இந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. என் மின்னூட்டச் சமன்பாட்டை எடுத்து அவருடைய பழைய அலைச் சமன்பாட்டில் செருகியிருக்கிறார். இரண்டையும் ஒரே எழுத்துருவில் அழகாக அடித்திருக்கிறார். இரு, இரு. அவர் பழைய கட்டுரையெல்லாம் நேரத்துக்குக் கழித்தல் குறி போட்டு எழுதியவை. நான் கூட்டல் குறி போட்டு எழுதுகிறவள், கல்லூரியில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள். எது வேண்டுமானாலும் போடலாம், நம் ஊரில் சாலையின் இடப்பக்கம் போகிறோம், சில நாட்டில் வலப்பக்கம் போகிறார்கள், இரண்டும் சரிதான், ஆனால் கிளம்பிய பிறகு பாதி வழியில் பக்கம் மாறினால் லாரிதான். இவர் மாறியிருக்கிறார். என் பாதியை அப்படியே எடுத்து அவருடைய பாதியோடு ஒட்டியிருக்கிறார், குறியை மாற்றவில்லை, மாற்ற வேண்டும் என்றே தெரியவில்லை. அப்படியானால் மூன்றாவது வரி? மூன்றாவது வரியில் அலை சாகாது. வளரும். கடவுளே, வளரும்! தூசி அலையைத் தின்பதற்குப் பதிலாக அலைக்கு ஊட்டிவிடும், போகப் போகப் பெருத்துக்கொண்டே போகும், எங்கிருந்தோ சும்மா சக்தி கொட்டும். மகிழ்ச்சி. வெட்கமில்லாத மகிழ்ச்சி. விழுங்கள் சார், நன்றாக விழுங்கள். அடுத்த நொடியே அது போய் எரிச்சல் திரும்புகிறது, முன்னைவிட அதிகமாக. அந்த வரி என்னுடையது. அத்தனை பேர் முன்னால் அசிங்கப்பட்டு நிற்பது என் வரி. திருடினவர் ஒழுங்காகவாவது வைத்திருக்கலாம். சிக்னல் கொடுத்தால் பார்ப்பாரா? பார்க்க மாட்டார், மேடையிலிருந்து அவர் பார்வை எப்போதும் இரண்டாவது வரிசைக்கு மேல்தான் போகும்.

"பெனடிக்ட், குறி தப்பு" என்றேன் மெதுவாக. "எங்க?" என்றான். "மூணாவது வரி. அலை வளருது பாரு." செல்போனை வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், வாய் கொஞ்சம் திறந்தது. "ஏய், ஆமால்ல!" உடனே என் கையைத் தட்டினான். "இசக்கி, நீ ஒண்ணும் சொல்லிராத. யாருக்கும் தெரியாது. பேசாம இரி, உனக்குக் கையெழுத்து வேணும்லா." யாருக்கும் தெரியாது. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். இந்த அரங்கத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம், பேராசிரியர்கள், இணைப் பேராசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், யாருக்கும் தெரியாது என்பதை நம்பித்தானே எல்லாரும் நிம்மதியாக இருக்கிறோம். ஏ.சி. உறுமுகிறது, எனக்கு வியர்க்கிறது. நான் பேசாமல் இருந்தால் அலை வளரும். பேசினால் கையெழுத்து விழாது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன், தலைக்குள் ஒரே இடத்தில் சுற்றுகிறது, பேசாமல் இருந்தால் வளரும், பேசினால் விழாது. இந்த மனிதர் தூசிக்கு மட்டுமா மின்னூட்டம் மாறாது என்று சொன்னார்? எங்களையும் அப்படித்தான் வைத்திருக்கிறார். என்ன கடந்துபோனாலும் நாங்கள் அப்படியே இருப்போமாம். ஒட்டியது ஒட்டியபடி. எனக்கு ஏறியிருக்கிறது சார், பிந்தித்தான் ஏறியது, ஆனால் ஏறியிருக்கிறது.

கைதட்டல். முடித்துவிட்டார். கேள்வி நேரம். ஓய்வு பெற்ற ஒருவர் மைக்கை வாங்கிக் கேள்வி கேட்காமல் வாழ்த்துகிறார், சங்கரலிங்கத்தைத் தனக்கு வேட்டி கட்டின காலத்திலிருந்து தெரியுமாம். இன்னொருவர் சனிக்கோளின் வளையத்தில் இருக்கிற தூசிக்கும் இது பொருந்துமா என்று கேட்கிறார், பொருந்தும் என்கிறார் சார், எதைக் கேட்டாலும் பொருந்தும். அப்புறம் பருவா அம்மா கையை உயர்த்துகிறார். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுகிறார். கட்டையான உருவம், மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு, சோதனைக்கூடத்தில் கை கறுத்தவர். "உங்கள் மூன்றாவது வரியைத் திரும்பக் காட்டுங்கள்" என்கிறார். சார் காட்டுகிறார். "நான் கண்ணாடிக் குழாயில் தூசியைத் தூவி அலையைக் கிளப்பிப் பார்க்கிறவள். என் குழாயில் அலை நாலு விரற்கடை போவதற்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் கணக்குப்படி அது வளர்கிறது. உள்ளே ஓட்டம் எதுவும் இல்லை, வெளியிலிருந்து சக்தியும் தரவில்லை. எங்கிருந்து வளர்கிறது?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். சார் திரையைப் பார்க்கிறார். அந்த வரியைப் படிக்கிறார், முதல் முறையாகப் படிக்கிறார் என்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார். ஒரு வாய் குடிக்கிறார். மூடுகிறார். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கிறது, இந்தப் பாழாய்ப்போன மனசு, பாவமாக இருக்கிறது, வயதானவர், சர்க்கரை வேறு இருக்கிறது, ஏதாவது சொல்லிச் சமாளிக்கட்டும், பிறகு சரிபார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, பருவா அம்மாவும் விட்டுவிடுவார்.

"அது..." என்று ஆரம்பித்துச் சிரிக்கிறார். "அந்தப் பகுதி என் மாணவி போட்ட கணக்கு. மாணவர்கள்தானே, குறியைக் கோட்டை விட்டிருப்பாள். நான் நம்பி எடுத்துப் போட்டுவிட்டேன்." அப்புறம் தமிழில், மைக்கில், என்னைப் பார்த்து, "இசக்கியம்மாள், எழுந்திரும்மா. மேடம் கேக்கிறாங்கல்ல, சொல்லு." இத்தனை நேரம் நான், நான், நான் கண்டேன், நான் நிறுவினேன், என் ஆய்வில், என் முறையில். என் பெயர் இந்த அரங்கத்தில் முதல் தடவையாக இப்போதுதான் ஒலிக்கிறது. முழுப் பெயர். அப்பன் ஆத்தாள் குலசாமிக்கு நேர்ந்து வைத்த பெயர், தப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கத் தேவைப்பட்டிருக்கிறது. எல்லாத் தலையும் திரும்புகிறது. பெனடிக்ட் குனிந்துகொள்கிறான். எழுகிறேன். பயம்தான், பொய் சொல்லவில்லை, ஆனால் கோபம் அதற்கு மேலே இருக்கிறது. கையெழுத்து, கோவில்பட்டி, பிள்ளை, பைக்கில் உட்கார்ந்திருக்கிற மனிதரின் முகம், எல்லாம் ஒருசேர வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம், என் தவறுதான், ஒரே வாக்கியம், சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நாளைக்கே கையெழுத்து, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதனால்தான் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அம்மா போய் டீச்சரிடம் கேட்ட அதே மன்னிப்பு. யாரோ மைக்கை என் கையில் கொடுக்கிறார்கள். சூடாக இருக்கிறது.

"ஆமாம் மேடம்" என்கிறேன் ஆங்கிலத்தில். குரல் என்னுடையது மாதிரி இல்லை, ஸ்பீக்கரிலிருந்து பெரிதாக வருகிறது. "கணக்கு என்னுடையதுதான். தூசியின் மின்னூட்டம் மாறும் என்பது, பிந்தி மாறும் என்பது, சின்னதும் பெரியதும் கலந்தால் எந்த அலை சீக்கிரம் அடங்கும் என்பது, அந்த வரைபடம், அந்தப் பந்தி, எல்லாம் நான் போட்டது. என் கணக்கில் அலை அடங்கித்தான் போகிறது, உங்கள் குழாயில் அடங்குகிற மாதிரி. நேரத்துக்கு நான் கூட்டல் குறி போடுவேன், சார் கழித்தல் குறி போடுவார். ஒட்டும்போது மாற்றாமல் விட்ட அந்த ஒரு குறி மட்டும்தான் சாருடையது." பருவா அம்மா கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார். "எழுதிக் காட்ட முடியுமா?" என்கிறார். சார் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, விருந்தாளிக்குப் புரியாத தமிழில், பல்லுக்கிடையில், "உக்காரும்மா. அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார். அப்புறம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மைக்கைப் பெனடிக்ட் மடியில் வைக்கிறேன். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் கால் வைக்கிறேன்.

"எழுதிட்டு உக்காருதேன் சார்."